கலகலப்பா, வாயாடியா? நாலு பேரோடு பழகுகிறவரைத் தமிழில் எழுதுவது எப்படி

மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது குடும்பத்தார் சேர்ந்து ஒரு விருந்து வைத்தோம். அதில் இரண்டு நிமிடம் பேசுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. முப்பது வருடத்துக்கு மேல் பேருந்து ஓட்டியவர், சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும், அப்படிப்பட்டவரைப் பற்றி எழுத என்ன கஷ்டம் என்று அலட்சியமாகத்தான் உட்கார்ந்தேன். "மாமா மிகவும் நட்பார்ந்தவர், கலகலப்பானவர், அனைவரிடமும் அன்பாகப் பழகும் குணம் கொண்டவர்" என்று எழுதி, முதல் நாள் இரவு அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். அத்தை கடலை உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "யாருடா இது, நம்ம மாமாவா?" என்றார்.

எனக்கு அப்போது அதில் என்ன தப்பு என்று புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எதிர்வீட்டு அங்கிளுக்கு ஒட்டலாம், என் பழைய வாத்தியாருக்கு ஒட்டலாம், யாருக்கு ஒட்டினாலும் ஒட்டும். அதற்கப்புறம் அக்கா மகளின் கட்டுரை, சமூக மன்றத் தொண்டூழியர்களுக்கான பாராட்டு மடல், ஒரு மரண அறிவிப்பு என்று இந்த வேலை என்னிடம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

தமிழில் இந்தக் குணத்துக்கு ஒற்றைச் சொல் கிடையாது, பத்துப் பதினைந்து சொற்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளைக் காட்டும். அதனால் ஆளை முதலில் பாருங்கள், சொல்லை அப்புறம் தேடுங்கள்.

படி 1: மொழிபெயர்ப்பை மூடிவையுங்கள்

சிங்கப்பூரில் பள்ளி, வேலை எல்லாம் ஆங்கிலத்தில் நடப்பதால் நமக்கு முதலில் மனதில் ஓடுவது 'அவுட்கோயிங்', 'சோஷியபிள்', 'ஃப்ரெண்ட்லி' என்பவைதான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கைபேசியில் தட்டி, வருவதை அப்படியே ஒட்டினால் வம்பு. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்த நற்சான்றிதழின் தமிழ்ப் பிரதியில் "இவர் வெளியேறும் தன்மை கொண்டவர்" என்று இருந்தது. படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? ஆறு மாதத்தில் வேலையை விட்டு ஓடிவிடுவார் என்றுதான். 'அவுட்கோயிங்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பதவியை விட்டுப் போகிறவர் என்ற பொருளும் உண்டு, எந்தப் பொருள் என்று இயந்திரம் தீர்மானித்தது, பாவம் அந்தப் பெண் மாட்டிக்கொண்டாள்.

'நட்பார்ந்த' என்ற சொல் இரண்டு நாடுகளின் உறவைப் பற்றி எழுத நன்றாக இருக்கும், மாமாவுக்கு இருக்காது. 'சமூகமானவர்' என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம் இந்த எக்ஸ்ட்ரோவெர்ட், இன்ட்ரோவெர்ட். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யூங் 1921ல் வெளியிட்ட ஆளுமை வகைகள் பற்றிய நூல் வழியாகப் பரவிய பிரிவு இது, ஒருவருடைய மனத்தின் நாட்டம் வெளியுலகை நோக்கி ஓடுகிறதா, உள்ளே திரும்புகிறதா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. தமிழில் புறமுகர், அகமுகர் என்று எழுதலாம். உளவியல் கட்டுரைக்குச் சரி. பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளில் "எங்கள் பாட்டி ஒரு புறமுகர்" என்று ஆரம்பித்தால், யாரோ பாட்டியைத் திட்டுகிறார்கள் என்றுதான் கூட்டம் நினைக்கும்.

படி 2: ஐந்து நிமிடம் ஆளை நினைத்துப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, குணத்தை எழுதாமல் செயலை மட்டும் எழுதுங்கள். மின்தூக்கியில் தெரியாதவர் ஏறினால் இவர் என்ன செய்வார்? கல்யாண வீட்டில் எங்கே நிற்பார், வாசலிலா, பந்தியிலா, சமையல்காரர்களுக்கு நடுவிலா? உணவங்காடி நிலையத்தில் மேசை பகிர நேர்ந்தால் பேச்சுக் கொடுப்பாரா, சிரித்துவிட்டுச் சாப்பிடுவாரா? அடுக்குமாடி புளோக்கில் புதிதாகக் குடிவந்த வீட்டுக் கதவை இவர் போய்த் தட்டுவாரா, அல்லது அவர்கள் வந்து இவர் கதவைத் தட்டுவார்களா? கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் தேடிப் போய்ப் பழகுகிறவர் ஒரு வகை, நாடி வருகிறவர்களை விடாமல் வைத்துக்கொள்கிறவர் இன்னொரு வகை, இரண்டுக்கும் ஒரே சொல் பொருந்தாது.

பல மொழி பேசுவதையும் எழுதுங்கள். பக்கத்து வீட்டு மக்சிக்கிடம், அதாவது மலாய் ஆண்ட்டியிடம், மலாயில் நலம் விசாரித்து, கோப்பிக் கடைக்காரரிடம் ஹொக்கியன் என்ற சீன மொழியில் நாலு வார்த்தை போட்டு, நம் ஆட்களிடம் 'என்னா மச்சான்' என்று திரும்புகிறவர்கள் இங்கே நிறைய. அவரை 'இனிமையானவர்' என்று எழுதி முடித்தால் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

படி 3: அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இதுதான் என் சொந்தக் குறுக்குவழி. தமிழ் இந்தக் குணத்தை முகத்தில் வைக்கும், வாயில் வைக்கும், காலில் வைக்கும், மனசில் வைக்கும். எங்கே என்று தெரிந்துவிட்டால் சொல் தானாக வந்துவிடும்.

முகத்தில் இருந்தால்: சிரித்த முகம், இன்முகம், முகமலர்ச்சி. இதைவிட எனக்குப் பிடித்தது 'முகம் கொடுத்துப் பேசுவார்' என்பது. எவ்வளவு பேசினார் என்பதை அது சொல்லவில்லை, பேசும்போது எதிரில் இருப்பவரை ஒரு பொருட்டாக மதித்தார் என்று சொல்கிறது. இதற்கு எதிர்ப்பக்கம் 'முகத்தை முறித்துக்கொண்டு பேசுவது', ஆகவே "யாரிடமும் முகத்தை முறித்துக்கொள்ளாதவர்" என்பதும் பெரிய பாராட்டுதான். சுமுகம் என்ற சொல்லையும் இங்கே சொல்லவேண்டும், வடமொழியில் அதற்கு நல்ல முகம் என்றே பொருள், ஆனால் தமிழில் அது ஆளுக்கு வராது, 'சுமுகமான மனிதர்' என்றால் காதில் ஒட்டாது, 'சுமுகமான உறவு', 'சுமுகமாக முடிந்தது' என்று இருவருக்கு நடுவே உள்ள நிலைக்குத்தான் வரும். முகராசி வேறு, அது அதிர்ஷ்டம், கடை நடத்துகிறவர்களுக்குச் சொல்வது.

அதிகம் பேசாத, ஆனால் எல்லோருக்கும் பிடித்த ஆட்கள் இந்த முக வகையில்தான் வருவார்கள். இவர்களைத்தான் நாம் பெரும்பாலும் தப்பாக எழுதுகிறோம்.

வாயில் இருந்தால் கவனம் தேவை, ஏனென்றால் வாய்ச் சொற்களில் பாதி பாராட்டு, பாதி வசவு. 'வாய் நிறைய அழைப்பார்', 'வாயாரப் பாராட்டுவார்', 'சரளமாகப் பேசுவார்', 'நல்ல பேச்சுத்துணை' என்பவை ஒரு பக்கம். பேச்சுத்துணை என்ற சொல்லைப் பலர் மறந்துவிட்டார்கள், முதியோர் இல்லத்துக்கு வாரம் ஒருமுறை போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிற தொண்டூழியரைச் சொல்ல அதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம் வாயாடி, வாய்த்துடுக்கு, வாய்ச்சவடால். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று சொன்ன அதே ஊர்தான் வாயுள்ள பிள்ளையை 'அடங்கு' என்றும் சொல்கிறது.

காலில் இருந்தால், அதாவது ஒரு இடத்தில் நிற்காமல் எல்லா வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்கிறவர் என்றால், 'ஓடியாடிச் செய்வார்', 'முன்னால் நிற்பார்', 'துடிப்பானவர்'. 'காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைகிறார்' என்பது செல்லமான கிண்டல், வீட்டுக்குள் சரி. தேசிய சேவை செய்யும் பையன்கள் இதையே 'அவன் ரொம்ப ஆன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், அதுவும் பாராட்டா கிண்டலா என்பது சொல்கிற தொனியைப் பொறுத்தது.

மனசில் இருந்தால் 'மனம்விட்டுப் பேசுவார்', 'ஒளிவுமறைவு இல்லாதவர்', 'பார்த்த ஐந்து நிமிடத்தில் ஒட்டிக்கொள்வார்'. வெள்ளந்தி என்பதை இங்கே போடாதீர்கள், அது சூது தெரியாதவர் என்று பொருள், கூட்டத்தைக் கண்டு ஒதுங்குகிறவர்கூட வெள்ளந்தியாக இருக்கலாம். இன்னொரு பள்ளம் இருக்கிறது: 'கூச்ச சுபாவம் இல்லாதவர்' என்றால் தயங்காமல் பழகுகிறவர், ஆனால் 'கூச்சநாச்சம் இல்லாதவர்' என்று ஒரு சொல்லைக் கூட்டினால் வெட்கங்கெட்டவர் என்று ஆகிவிடும்.

மாமாவுக்கு இது எங்கே இருக்கிறது என்று அத்தையிடமே கேட்டேன். "அவரு பேசுறது கம்மிடா. ஆனா பஸ்ல ஏறுற ஒவ்வொருத்தரையும் பாத்துத் தலையாட்டுவாரு. வயசான அம்மா ஏறினா, அவங்க உக்காந்த பிறகுதான் வண்டியை எடுப்பாரு" என்றார். அத்தனை வருடம் ஒரே குடும்பத்தில் இருந்தும் மாமாவை நான் கலகலப்பானவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், காரணம் அவரைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும். கலகலத்தது அந்தக் கூட்டம். மாமா நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

படி 4: சூட்டைப் பாருங்கள்

கலகல என்பது இரட்டைக்கிளவி, பள்ளியில் படித்தது நினைவிருக்கும். காசு, வளையல், சிரிப்பு இவற்றின் ஓசை அது. அதனால்தான் இந்தச் சொல் ஆளைவிட இடத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது: 'வீடு கலகலவென்று இருந்தது'. ஓசை வேண்டும், ஆட்கள் வேண்டும். ஒருவர் வந்தவுடன் அறையின் ஓசை மாறினால் அவருக்கு இந்தச் சொல்லைக் கொடுங்கள். 'அவர் வந்தால் வீடே களைகட்டும்' என்பது இதற்கு அடுத்த வீட்டுக்காரர்.

சூடு கொஞ்சம் குறைந்தால் சகஜம். வடமொழியில் இதற்கு உடன்பிறந்தது, இயல்பாக அமைந்தது என்று பொருள். 'சகஜமாகப் பழகுவார்' என்றால் மேலாளர், துப்புரவாளர் என்று பார்க்காமல் ஒரே மாதிரி இருப்பார் என்பது உள்ளே அடங்கியிருக்கிறது, உயர்பதவியில் இருக்கிறவரைப் பாராட்ட இதுதான் சரியான சொல். 'பழகுவதற்கு எளியவர்', 'பழக இனியவர்' இரண்டும் அதே தெருவில் இருப்பவை, ஆனால் எளியவர் என்று மட்டும் எழுதினால் எளிமையாக வாழ்பவர், வசதி குறைந்தவர் என்று வேறு பக்கம் போய்விடும்.

அடுத்து அளவளாவுதல். நம் ஊர்த் தமிழ்ச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு இது அன்றாடச் சொல், அமைச்சர் குடியிருப்பாளர்களுடன் அளவளாவினார் என்று அடிக்கடி வரும், அதனாலேயே பலருக்கு இது ஏதோ அரசாங்கச் சொல் மாதிரி கேட்கிறது. அப்படி இல்லை. சுற்றந்தழால் அதிகாரத்தில் 523ஆவது குறள் 'அளவளாவு' இல்லாதவன் வாழ்க்கையைக் கரையில்லாத குளத்தில் நீர் நிறைந்ததற்கு ஒப்பிடுகிறது. கலந்து பேசி உறவாடுவது என்ற பொருள் அப்போதே இருக்கிறது. பாட்டியும் பேத்தியும் சாயங்காலம் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசுவதற்கும் தாராளமாகப் போடலாம்.

குறளில் இன்னொன்றும் உண்டு, 999இல் வரும் 'நகல்வல்லர்', பிறரோடு கூடிச் சிரித்து மகிழத் தெரிந்தவர். அது முடியாதவர்களுக்கு இந்தப் பெரிய உலகம் பகலிலும் இருட்டு என்கிறார். இன்றைக்குக் கட்டுரையில் போட்டால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், மேடையில் போட்டால் எடுபடும்.

ஜாலி? போடலாம், யாரும் அடிக்க மாட்டார்கள். 'ஜாலியான ஆள்' என்பது இன்று தமிழ்தான். 'ஜாலிப் பேர்வழி' என்றால் மட்டும் ஒரு சிட்டிகை ஏளனம் சேர்ந்துவிடுகிறது, பேர்வழி என்ற சொல்லே அப்படி.

படி 5: வேலி எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்

நன்றாகப் பேசுகிறவருக்கும் நச்சரிக்கிறவருக்கும் நடுவில் ஒரு மெல்லிய வேலி. பேச்சில் பயன் குறைந்தால் அரட்டை, நிற்காவிட்டால் லொடலொட, அடுத்தவர் வீட்டுக்குள் போய்விட்டால் ஊர்வம்பு. இங்கே பிறந்து வளர்ந்த நமக்கு இதற்கு 'கேப்போ' என்று ஹொக்கியனிலிருந்து வந்த சொல் கைவசம் இருக்கிறது, மூக்கை நுழைக்கிறவர். கேப்போ ஆண்ட்டி என்று நாம் சிரிக்கிற அதே ஆண்ட்டிதான் மூன்று நாளாகக் கதவு திறக்காத தாத்தா வீட்டை முதலில் கவனிப்பவர். ஆகவே அவரை எழுதும்போது, "அக்கம்பக்கத்தில் யாருக்கு என்ன என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது" என்று எழுதுங்கள், பாராட்டாகவும் இருக்கும், தெரிந்தவர்கள் புன்னகையும் செய்வார்கள்.

தன்னைக் காட்டிக்கொள்ளப் பழகினால் அலட்டல், பந்தா. காரியத்துக்காகப் பழகினால் முகத்துதி. 

வயதும் பாலும் இந்தச் சொற்களை எப்படி வளைக்கின்றன என்று பாருங்கள். நாலு வயதுக் குழந்தையை 'சரியான வாயாடி' என்றால் கொஞ்சல். பதினாலு வயதுப் பெண்ணைச் சொன்னால் கண்டிப்பு. முப்பது வயதுப் பெண்ணைச் சொன்னால் சண்டை. அவளுடைய அண்ணன் அதே அளவு பேசினால் 'நல்லா பேசுவான், பிழைச்சுக்குவான்'. 'பொம்பளை சிரிச்சாப் போச்சு' என்ற பழமொழியின் நிழல் இன்னும் சொற்களுக்கு மேல் கிடக்கிறது, நாம் எழுதும்போதாவது அதை நகர்த்தி வைக்கலாம். என் வழக்கம் எளிது: இந்தச் சொல்லை அவளுடைய அண்ணனுக்கு எழுதுவேனா என்று கேட்பேன், இல்லை என்றால் அடித்துவிடுவேன்.

படி 6: எங்கே போகப்போகிறது என்று பார்த்து எழுதுங்கள்

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இக்குக் கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்கு: "என் தோழி அன்பானவள், பண்பானவள், நட்பானவள்" என்று மூன்று 'ஆனவள்' அடுக்குவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. அக்கா மகள் முதலில் எழுதியது அதுதான். "சரி, அவ என்ன பண்ணுவா, சொல்லு" என்று கேட்டேன். "மாமா, புதுசா யாராவது வகுப்புக்கு வந்தா அவங்க பக்கத்துல போய் உக்காந்துடுவா" என்றாள். அதையே எழுதச் சொன்னேன்: "வகுப்பில் புதிய மாணவர் யார் சேர்ந்தாலும் முதல் ஆளாக அவர் பக்கத்தில் போய் அமர்ந்துவிடுவாள். இடைவேளை மணி அடிப்பதற்குள் இருவரும் பல நாள் பழகியவர்களைப்போல் பேசிக்கொண்டிருப்பார்கள்." இதில் பண்புப்பெயர் ஒன்றுகூட இல்லை.

வேலைக்கான பரிந்துரையில் கலகலப்பு வேண்டாம், வேலை நேரத்தில் அரட்டையா என்ற சந்தேகம் வரும். "வாடிக்கையாளர்களிடம் பொறுமையாகவும் இன்முகத்துடனும் பேசுவார், புதிதாகச் சேருபவர்களை எளிதில் குழுவோடு சேர்த்துவிடுவார்" என்பது போதும்.

திருமண விளம்பரத்தில் 'எல்லோரையும் அனுசரித்துப் போகும் பெண்' என்று எழுதுகிறார்களே, அது பழகும் குணத்தைச் சொல்லவில்லை, எதிர்த்துப் பேசமாட்டாள் என்று வாக்குக் கொடுக்கிறது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

மரண அறிவிப்பில் காலம் பிசகும். துக்கத்தில் 'பழகுவார்' என்று எழுதிவிட்டு, அச்சுக்குப் போகும்போது ஒன்றை மட்டும் 'பழகியவர்' என்று மாற்றி, மற்றதை விட்டுவிடுவார்கள். எல்லா வினையையும் ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். கலகலப்பு என்ற ஓசைச் சொல்லும் அங்கே கொஞ்சம் இடிக்கும், 'வந்தவரை இன்முகத்தோடு வரவேற்றவர்' என்றால் உறுத்தாது. நினைவஞ்சலிக் கூட்டத்தில் பேசும்போது அது வேறு, அங்கே அவர் சிரிப்பைப் பற்றித் தாராளமாகப் பேசலாம்.

மாமாவின் விருந்தில் நான் கடைசியில் பேசியது இது: "எங்கள் மாமா அதிகம் பேசமாட்டார். ஆனால் அவர் பேருந்தில் ஏறிய யாரும் கவனிக்கப்படாமல் ஏறியதில்லை." சகஜம், இன்முகம் எதையுமே போடவில்லை. அத்தை பின் வரிசையிலிருந்து, "இப்பச் சரி" என்று சத்தமாகவே சொன்னார்.

படி 7: எழுத்துப்பிழை

சகஜமாகப் பழகுவார், அன்பாகப் பேசுவார், கலகலப்பாகச் சிரிப்பார் என்று 'ஆக' வந்தால் அடுத்து வரும் க, ச, த, பவுக்கு ஒற்று மிகும். 'அளவலாவு' இல்லை, அளவளாவு, இரண்டாவது ளவையும் மறக்காதீர்கள். 'களைகட்டும்' என்பதில் வருவது முகக்களையில் வருகிற களை, பொலிவு. 'கலைகட்டும்' என்று அழைப்பிதழ்களில் எக்கச்சக்கமாகப் பார்க்கிறேன், அது கலைநிகழ்ச்சி நடக்கும் வீடாகவே இருந்தாலும் தப்புதான்.